வடக்குச் சுவருக்கு வெளியே

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து ஊரே செய்தித்தாள் வாங்கக் கடைப்பக்கம் போயிருந்த நேரம். மலக்கி டார்ப்பி, இடிந்த மடத்தின் மேற்கு வாசலில் நீளக்காம்பு மண்வாரியை ஊன்றிக்கொண்டு நின்றார். பூசைக்குப் போட்ட கோட்டு அப்படியே இருந்தது. காலில் மட்டும் ரப்பர் பூட்ஸ் ஏறியிருந்தது. அண்ணன் மகள் நேசா வேலியோரம் காரை நிறுத்திவிட்டு, ஆட்டுப் புழுக்கையைத் தாண்டித் தாண்டி வந்தாள்.

“பூசைல உன்னக் காணோமே?”

“அம்மா பக்கத்துல இருந்தேன்.”

“ஃபாதர் கேட்டாரு.”

“கேக்கட்டும்.”

நேசாவின் அம்மா டீலியா சனிக்கிழமை விடியற்காலை கால்வே நகரத்து ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். இப்போது வீட்டு முன்னறையில், திறந்த பெட்டிக்குள், ஜெபமாலை சுற்றிய கைகளோடு கிடக்கிறாள். திங்கள் மாலை பெட்டியை மூடிக் கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். செவ்வாய் காலை அடக்கம். குழியைத் திங்களன்று வெட்டினால்தான் சரியாக வரும். ஆனால் அந்தப் பக்கத்தில் திங்கட்கிழமை புதுக் குழிக்கு மண்ணைத் தொடமாட்டார்கள். தொட்டால் அதே வீட்டில் இன்னொரு சாவு விழும் என்று பேச்சு. அதற்கொரு வழியையும் அவர்களே வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமையே போய்ப் புல்லோடு சேர்த்து ஒரு சதுரம் மண்ணைப் பெயர்த்துக் கவிழ்த்துப் போட்டுவிட்டால் போதும், குழி ஞாயிற்றுக்கிழமையே தொடங்கிவிட்டதாக அர்த்தம். கடவுளை ஏய்ப்பதில் இந்த ஊருக்கு நல்ல தேர்ச்சி என்று நேசாவுக்கு எப்போதும் தோன்றும்.

புல்கட்டி பெயர்ந்த இடம்தான் இடம். திறந்த மண்ணை உள்ளே ஒரு ஆளை வைக்காமல் மூடக்கூடாது. ஆக, அம்மா எங்கே கிடக்கப்போகிறாள் என்பது இன்றைக்கு அந்த மண்வாரியின் முனையில் முடிவாகிவிடும். உள்ளே, பலிபீடம் இருந்த இடத்துக்கு அருகில், டார்ப்பி குடும்பத்து மண்ணில் என்பதில் மலக்கிக்குச் சந்தேகமே இல்லை. நேசா வந்ததே அதைத் தடுக்கத்தான்.

“உள்ள வேணாம் சித்தப்பா. அம்மா வெளியில கேட்டாங்க. வடக்குச் சுவத்துக்கு வெளியில. பையன்கிட்ட.”

மலக்கி தொப்பியைக் கழற்றி, உள்ளே ஏதோ எழுதியிருப்பதுபோலப் பார்த்துவிட்டு, மறுபடி போட்டுக்கொண்டார்.

“மொதல்ல உள்ள வா. காத்து அடிக்குது.”

உள்ளே மட்டும் காற்று அடிக்காதா என்ன? கூரை போய் முந்நூற்றைம்பது வருஷம் ஆகிறது. வெள்ளை அங்கித் துறவிகள் பாடிக்கொண்டு நடந்த நீள மண்டபத்தில் இப்போது புல். இருபக்கத் தூண்களுக்கு நடுவே சாய்ந்த கல்லறைக் கற்கள். கோபுர இடுக்கில் காக்கைகள். துறவிகளை விரட்டினார்கள், கூரையை எரித்தார்கள், மணியை உருக்கினார்கள். ஆனால் மண்ணின் புனிதத்தை யாராலும் எரிக்க முடியவில்லை என்று சொல்லிச் சொல்லியே ஊர்க் குடும்பங்கள் இன்றுவரை உள்ளே புதைத்துவருகின்றன. யாருக்கு எந்த இடம் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. எல்லோருக்கும் தெரியும். கிழக்கே, பெரிய சாளரத்துக்குக் கிட்டே, நல்ல இடம் பழைய பண்ணையாருக்கு. அதற்கு நாலு அடி தள்ளி டார்ப்பிகளுக்கு. இந்த நாலு அடி நெருக்கத்தை மலக்கியின் ஆட்கள் பரம்பரை பரம்பரையாகப் பீற்றிக்கொண்டு வந்தார்கள். பண்ணையார் வீட்டில் குனிந்து குனிந்து வேலை செய்தவர்கள் செத்த பிறகு பக்கத்திலே படுத்துக்கொள்வதில் என்ன பெருமை என்று நேசா பதினாறு வயதில் கேட்டு, அப்பாவிடம் அறை வாங்கியிருக்கிறாள்.

சாளரத்தடியில் ஒரு ஜெர்மன் தம்பதி படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஆள் கேமராவை இறக்கி, கொஞ்சம் ஒதுங்க முடியுமா என்று கையால் கேட்டான்.

“எண்ணூறு வருஷமா நிக்குது, இன்னும் அஞ்சு நிமிஷம் நிக்காதாமா?” என்று மலக்கி முணுமுணுத்தார். ஆனாலும் ஒதுங்கினார்.

அந்தப் பெண் மண்வாரியைக் கவனித்துவிட்டாள். “இங்கே இன்னுமா புதைக்கிறீர்கள்?” என்று கேட்டாள்.

“செத்தவங்கள மட்டும்தான்” என்றார் மலக்கி.

நேசாவுக்குச் சிரிப்பு வந்தது. வந்ததற்காகத் தன்மேலேயே எரிச்சலும் வந்தது. அவர்கள் போகும்வரை காத்திருந்து ஆரம்பித்தாள்.

“நான் சொன்னதுக்கு நீங்க பதில் சொல்லல.”

“என்னத்தச் சொல்ல? வெளியில தோண்ட கவர்மெண்ட்டுக்காரன் விடமாட்டான். வாசல்ல போர்டு பாக்கல? பழங்காலச் சின்னம். குடும்ப எடத்துல மட்டும்தான் தோண்டலாம். நீதான் காலேஜ் படிச்சவளாச்சே, படி.”

“படிச்சேன். அபராதம் வந்தா நான் கட்டிக்கிறேன்.”

“உங்கப்பா இங்க கெடக்கான். ஆறு வருஷமாச்சு. புருஷன் பக்கத்துல பொண்டாட்டி கெடக்கலேன்னா ஊரு என்ன பேசும்?”

“ஊரு பேசாத நாள் எது சித்தப்பா? நான் காலேஜ் போனப்ப ‘டார்ப்பி வீட்டுப் பொண்ணு ப்ரொஃபஸர் ஆவப்போறா’ன்னு நீங்கதானே கடையில நின்னு கிண்டலடிச்சீங்க?”

“அது பெருமையில சொன்னது.”

“ஓஹோ. பெருமையக் கண்டுபிடிக்க நான் இன்னொரு பட்டம் வாங்கணும்போல.”

நேசா மண்வாரியை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு தெற்குப் பக்கத்துச் சின்ன வாசல் வழியாக வெளியேறி, சுற்றிக்கொண்டு வடக்கே நடந்தாள். பின்னால் பூட்ஸ் சத்தம் தொடர்ந்து வந்தது.

வடக்குச் சுவரின் வெளிப்புறத்தில் வெயில் படுவதே கிடையாது. கல் எப்போதும் ஈரம். காஞ்சொறிச் செடி இடுப்பளவு வளரும். மார்ச் மாதம் என்பதால் இப்போது கணுக்காலளவுதான். அதற்கு நடுவே அங்கங்கே வெள்ளை வெங்கச்சங்கற்கள், முட்டை அளவில், பழுப்பேறி, ரெண்டும் மூன்றுமாகப் புதைந்து கிடந்தன. ஒவ்வொரு கூட்டமும் ஒரு குழந்தை. பேர் இல்லை, தேதி இல்லை. செத்துப் பிறந்ததுகள், ஞானஸ்நானம் பெறுவதற்குள் மூச்சு நின்றதுகள். புனித மண்ணுக்குள் அவற்றுக்கு இடமில்லை என்று கோயில் சொல்லிவிட்டது. பண்ணையாருக்குச் சாளரத்தடியில் இடம் கொடுத்த அதே கோயில்தான். ஒரு பொய்கூடச் சொல்லாத, ஒரு வாய் பால்கூடக் குடிக்காத பிள்ளைக்குத் தீட்டு. பெற்றவள் படுக்கையில் கிடப்பாள்; வீட்டு ஆண் யாராவது ஒருவன் விடியுமுன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து இங்கே வைத்துவிட்டுப் போவான். திரும்பி வந்து ஒன்றும் சொல்லமாட்டான். யாரும் கேட்கவும்கூடாது.

டீலியாவின் முதல் பிள்ளை எழுபதாம் வருஷம் அப்படிப் போனான். அப்புறம் பதினாலு வருஷம் ஒன்றும் இல்லை. கடைசியில் நேசா. தூக்கிக்கொண்டு போனது மலக்கிதான் என்பது நேசாவுக்குத் தெரியும். அம்மாவே சொல்லியிருந்தாள். ‘வடக்குச் சுவத்துல மூணாவது முட்டுத்தூண் பக்கம்னு மலக்கி சொன்னான்.’ அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு அவள் நாற்பத்தியொரு வருஷம் வந்துகொண்டிருந்தாள். மழையில், பனியில், மூட்டு வீங்கின பிறகு தடியோடு. நேசா சின்ன வயதில் கூட வந்து சுவரில் ஏறி விளையாடியிருக்கிறாள். அம்மா முட்டி போட்ட இடத்தில் புல்லே வேறு நிறமாக, அமுங்கி இருக்கும்.

இப்போதும் இருந்தது. இரண்டு முட்டிக்கு இரண்டு பள்ளம்.

நேசா மண்வாரியை அங்கே வைத்து, மேல்விளிம்பில் கால் வைத்தாள்.

“அங்க இல்ல” என்றார் மலக்கி.

“எடம் எனக்குத் தெரியும். நூறு தடவை வந்திருக்கேன்.”

“எடம் தெரியும். ஆனா அவன் அங்க இல்ல. எடு கால.”

அந்தக் குரல் புதிதாக இருந்தது. நேசா திரும்பிப் பார்த்தாள். மலக்கியின் முகம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“அன்னைக்கு நான் வந்தப்ப வெளிச்சம் அரகொறயா இருந்துது. இங்கதான் தோண்டலாம்னு பெட்டிய எறக்கினேன். வெண்ணெய்ப் பெட்டி. உங்கப்பா ஆணி அடிச்சுக் குடுத்தது. அந்தாண்ட பாத்தா…” கையை நீட்டினார், நீட்டிய கையை உடனே இறக்கிக்கொண்டார். “நரி தோண்டி வச்சிருந்துது. வேற யாரோடதோ. துணி வெளிய கெடந்துது. எனக்கு இருபத்திரெண்டு வயசு நேசா. நான் அந்தத் துணிய உள்ள தள்ளி மண்ணப் போட்டேன். அதுக்கப்பறம் நம்ம பெட்டிய இங்க வைக்க எனக்குக் கை வரல.”

“அப்பறம்?”

“உள்ள கொண்டு போயிட்டேன்.”

“எங்க உள்ள?”

“நம்ம எடத்துக்கு. பாட்டன் பூட்டன் பக்கத்துல வச்சுட்டேன். யாரும் பாக்கல. மேல புல்லப் போட்டு மிதிச்சுட்டு வந்துட்டேன். வீட்டுல வந்து, மூணாவது முட்டுத்தூண்னு சொன்னேன்.”

காக்கைகள் கோபுரத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. அவர் சொன்னதை நேசா ஒருமுறை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்:

“பொய்.”

“என்னது?”

“நேத்துவரைக்கும் ஒரு வார்த்தை இல்ல. இன்னைக்கு அம்மாவ உள்ள கொண்டுபோவணும்னதும் கதை வருது. ஊரு பேசக்கூடாது, டார்ப்பி மானம் போகக்கூடாது. அதுக்கு ஒரு செத்த குழந்தைய இழுத்துட்டு வர்றீங்க.”

மலக்கியின் வாய் கோணியது. திட்டப்போகிறார் என்று எதிர்பார்த்தாள். அவர் திரும்பி நடந்தார். அறுபத்துமூன்று வயது ஆள், சறுக்கலில் விழாமல் சுவரைப் பிடித்துப் பிடித்துப் போனார். நேசா மண்வாரியை இழுத்துக்கொண்டு பின்னால் போனாள்.

டார்ப்பி குடும்பத்துக் கல் படுக்கையாகக் கிடந்தது. அதன் கால்மாட்டில், பூசை செய்தவர்கள் கை கழுவிய கல்மாடத்துக்கு நேர் கீழே, மலக்கி மண்டி போட்டார்.

“இங்க வெட்டு.”

நேசா மண்வாரியை ஊன்றினாள். காலைத் தூக்கினாள். வைக்க முடியவில்லை. பொய் என்றால் வெறும் மண். நிஜம் என்றால் இரும்பு எதில் போய் இறங்கும்? பல்கலைக்கழகத்தில் நாலு வருஷம் வாதாடிப் பழகிய அத்தனையும் அந்த ஒரு காலில் வந்து நின்றுவிட்டது.

“குடு” என்று மலக்கி மண்வாரியை வாங்கித் தள்ளி வைத்துவிட்டு, பையிலிருந்து பேனாக்கத்தியை எடுத்தார். புல்லை மூன்று பக்கம் கீறி, கம்பளி விரிப்பை மடிப்பதுபோல மடித்தார். அப்புறம் கையாலேயே தோண்ட ஆரம்பித்தார். கறுத்த மண் நகத்துக்குள் ஏறியது. மணிக்கட்டு மறைந்தது, முழங்கையும் பாதி மறைந்தது. பூசைக் கோட்டின் கை சேறானது. அவர் தேடவில்லை என்பதை நேசா கவனித்தாள். கை நேராகப் போய்க்கொண்டிருந்தது.

நின்றது.

“கைய விடு.”

நேசா மண்டி போட்டுக் கையை விட்டாள். குளிர். வேர்கள். அதற்குக் கீழே வழவழப்பான தட்டையான ஒன்று. ஓரத்தைத் தடவினாள். கற்பலகை ஓடு, வீட்டுக் கூரைக்குப் போடுவது. மேல்விளிம்பில் பக்கத்துப் பக்கத்தில் ஆணித்துளை இரண்டு. விரல் நுனி ஒன்றில் நுழைந்தது.

“நம்ம மாட்டுக் கொட்டாய்லேர்ந்து உருவினது. இது கிட்ட நரி வராதுன்னுதான் பெட்டி மேல வச்சேன்” என்றார் மலக்கி. “கொட்டாய் ஒழுகுதுன்னு உங்கப்பா ஒரு வருஷம் திட்டினான். யாரு எடுத்தான்னு கடைசி வரைக்கும் அவனுக்குத் தெரியாது.”

நேசா கையை எடுக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. எழுந்தபோது முழங்காலில் ஈரம் ஏறியிருந்தது. அழுகை வரும் என்று நினைத்தாள்; வந்தது வேறு.

“அம்மா வந்ததெல்லாம் பாத்தியா நீ?” மரியாதை எங்கோ விழுந்துவிட்டது. எடுக்க அவள் குனியவில்லை.

“பாத்தேன்.”

“மழையில?”

“சைக்கிள்ள போறப்ப பாப்பேன். சில நாள் எறங்கி வேலிகிட்ட நிப்பேன். இன்னைக்கு சொல்லிருவோம்னுதான் எறங்குவேன். மொத வருஷம் சொல்லியிருக்கணும். சொன்னா ஃபாதர் தோண்டி வெளிய போடச் சொல்லுவாருன்னு பயம். அந்த ஃபாதர் செத்தாரு. அதுக்குள்ள பத்து வருஷம். பத்து வருஷம் ஏன்டா சும்மா இருந்தேன்னு கேப்பாளேன்னு பயம். அப்பறம் இருபது.” அவர் கையில் ஒட்டிய மண்ணைப் புல்லில் தேய்த்தார். தேய்த்துக்கொண்டே இருந்தார். “அவ அங்க முட்டி போட்டுப் பேசுறத ஒரு தடவ கேட்டேன். அதுக்கு மேல எப்புடிச் சொல்றது?”

“மூடுறப்ப ஏதாச்சும் ஜெபம் சொன்னியா?”

“ஜெபம் செல்லாதுன்னு தெரியும். சும்மா மூட மனசு வரல. பேரு வச்சேன்.”

“என்ன பேரு?”

“கோல்மன்.”

காற்று சாளரத்தின் உடைந்த கல் வளைவுகளுக்குள் புகுந்து வெளியே போனது. நேசா அந்தப் பெயரை உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். அவளுக்கு ஒரு அண்ணன் இருந்தான். பேர் கோல்மன்.

“நாப்பத்தியொரு வருஷம்” என்றாள். “உன்கிட்ட பேரு இருந்துது. அவகிட்ட புல்லுதான் இருந்துது.”

அவர் தலையைத் தூக்கவில்லை. தூக்கியிருந்தால் இன்னும் சொல்லியிருப்பாள்.

மடித்த புல்லை இருவரும் சேர்ந்து பழையபடி மூடினார்கள். அதற்கு இரண்டடி தள்ளி, அப்பாவின் கல்லுக்கும் இதற்கும் நடுவே, ஒரு ஆள் கிடக்கும் அளவு இடம் இருந்தது. மலக்கி அதைக் கண்ணால் அளந்தார். மண்வாரிக்குக் கை நீட்டினார்.

நேசா கொடுக்கவில்லை.

“அம்மா பையன்கிட்டதான் கேட்டாங்க. பையன் இங்க இருக்கான். அதனால இங்க. டார்ப்பிகளுக்காக இல்ல.”

“சரி.”

“இப்ப நேரா வீட்டுக்கு வர்றீங்க. பெட்டி இன்னும் மூடல. அம்மாகிட்ட நீங்களே சொல்றீங்க. நாளைக்கு மூடினப்பறம் இல்ல. இன்னைக்கு.”

“தனியாவா?”

“எல்லாரும் இருக்கும்போது.”

“ஃபாதர் இருப்பாரே. பாதி ஊரு அங்கதான் இருக்கும்.”

“அதனாலதான்.”

“நேசா, வேணாம்மா. வயசான காலத்துல என்னக் கொன்னுடாத.”

“சொல்லலேன்னா நான் வடக்குச் சுவத்துலயே வெட்டிடுவேன். அம்மா கேட்ட எடம்னு சொல்லிப்பேன். பையன் இங்க, அம்மா அங்க, நடுவுல சுவரு. உங்களுக்குச் சம்மதமா?”

அவள் அப்படிச் செய்யமாட்டாள். செய்யமாட்டாள் என்பது அவருக்குத் தெரிந்திருக்குமா என்று அவளுக்கும் தெரியவில்லை. மலக்கி எழுந்தார். எழ நேரமானது.

“பொம்பளைங்க மொத மண்ணு வெட்டறதில்ல” என்றார், பழக்கத்தில்.

“வெட்டினவங்க லட்சணத்தப் பாத்தாச்சு” என்று நேசா மண்வாரியை ஊன்றிக் காலை வைத்து அழுத்தினாள். இறங்கியது. நாலு பக்கமும் வெட்டி, கட்டியைப் பெயர்த்து, புல் கீழாகவும் மண் மேலாகவும் கவிழ்த்துப் போட்டாள். மலக்கி தொப்பியைக் கழற்றினார்.

வீட்டில் சமையலறை முழுக்கப் பெண்கள். தேநீர்க் கேத்தல் கொதித்துக்கொண்டிருந்தது, பன்றித்தொடைக் கறி வைத்த ரொட்டிகள் தட்டுத் தட்டாக வெளியே போய்க்கொண்டிருந்தன. முன்னறையில் சுவரோரம் நாற்காலிகளில் ஊர் ஆண்கள் கோப்பையும் கையுமாக ஆட்டு விலை பேசிக்கொண்டிருந்தார்கள். ஃபாதர் சன்னலருகே நின்றார். மலக்கியின் சேறுபடிந்த கையைப் பார்த்ததும் பேச்சு மெல்ல அடங்கியது. நேசா கதவில் சாய்ந்து நின்றாள், அவர் திரும்பிப் போக வழி இல்லாதபடி.

அவர் பெட்டியருகே போனார். பழக்கமாகச் செய்வதுபோல இறந்தவளின் கைமேல் கை வைத்தார். தொண்டையைச் செருமினார்.

“அண்ணி” என்றார். “நான் ஒரு பொய் சொல்லியிருக்கேன். பையன் வெளியில இல்ல. மூணாவது முட்டுத்தூண் பக்கம் யாரும் இல்ல. நான் அவன உள்ள வச்சேன், இப்ப அண்ணன் கெடக்குற எடத்துல. நல்ல ஓடு ஒண்ணு போட்டு மூடியிருக்கேன். பேரு கோல்மன்னு வச்சேன். உங்களக் கேக்காம வச்சுட்டேன்.” அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. அதற்கப்புறம் தோள் குலுங்க ஆரம்பித்தது.

ஃபாதர் வாயைத் திறந்து, மூடிக்கொண்டார்.

மூலையில் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருந்த பெக் ஹெஷன், பக்கத்து வீட்டுக்காரி, எழுபத்தைந்து வயது, காலையிலிருந்து ‘பாவம் டீலியா’ என்பதைத் தவிர வேறு வார்த்தை பேசாதவள், கோப்பையைத் தரையில் வைத்தாள். அவள் பார்த்தது மலக்கியை இல்லை. எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்த தன் புருஷனைப் பார்த்தாள்.

“என்னோடது எங்க?” என்று கேட்டாள். “அறுபத்தாறுல நீ தூக்கிட்டுப் போனியே. எங்க வச்ச?”

கிழவர் தரையைப் பார்த்தார். பக்கத்திலிருந்த ஆண்களும் ஒவ்வொருவராகத் தரையைப் பார்த்தார்கள். சமையலறைப் பெண்கள் கையில் தட்டோடு கதவருகே வந்து, நேசாவுக்குப் பின்னால் நெருக்கியடித்து நின்றார்கள். கேத்தல் விசிலடித்துக்கொண்டே இருந்தது. யாரும் போய் நிறுத்தவில்லை.

“சொல்லு” என்றாள் பெக்.